பேழைக்கு வரிவிலக்கு

1

இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்து விழுந்தது:

"பேழை கட்டுன நோவாவுக்கு எந்த அரசாங்கம் வரிய விட்டுக்குடுத்துச்சு?"

கேட்டவள் வெர்னா. எங்கள் கென்டக்கி மாவட்ட மன்றத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒருத்தி. பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைச்சரிவில் பிரம்மாண்டமான மரக்கப்பல் ஒன்று...' வேண்டாம். கப்பல் இன்னும் கட்டப்படவில்லை. நோவாவின் பேழையைக் கட்டிக் காட்சிக்கு வைக்கப்போகும் வேதாகமப் பூங்காக்காரர்கள், மாவட்டம் முப்பது ஆண்டு நிலவரியை விட்டுக்கொடுத்தால்தான் ஆணியே அடிப்பார்களாம்.

2

வெர்னாவுக்கு இருக்கும் ஒரே உறவு தம்பி ஹார்லன். தச்சன். வேலை போய்ப் பதினான்கு மாதம். பூங்காவில் வேலைக்குச் சேர, வேதாகமத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று நம்புவதாக ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். பாஸ்டரின் கடிதமும் வேண்டும். மனைவியைப் புதைத்த நாளிலிருந்து அவன் ஞாயிறு ஆராதனைக்குப் போனதில்லை.

(பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் காதில் 'அக்கா' என்றே விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

"மூணு புதன்கிழமை சபை விருந்துக்கு வா, கடிதம் தர்றேன்னு பாஸ்டர் சொல்லிட்டார்க்கா. ரெண்டு முடிஞ்சுது."

"அந்த பீன்ஸ் கேசரோல் நீ கொண்டாந்ததா? உப்பே இல்ல."

"ரெண்டு தரம் போட்டுக்கிட்டியே!"

"பேச்ச மாத்தாத. பூமிக்கு ஆறாயிரம் வயசுன்னு அந்த அறிக்கையில எழுதியிருக்கும். நம்புறியாடா?"

"பல்லுக்கு இன்சூரன்ஸ் உண்டுன்னும் எழுதியிருக்கு. அத நம்புறேன்."

"நான் முழுசா நம்புறேன்டா. அதனாலதான் வயிறு எரியுது. ஒன்கிட்ட பொய்க் கையெழுத்து வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போற வரிய நான் தூக்கிக் குடுக்கணுமா?"

"சரி, குடுக்காத. நான் வேலை தேடி ஓஹையோ பக்கம் போயிடுறேன். இங்க எனக்கு என்ன இருக்கு?"

வெர்னாவின் கண்கள்... [இங்கே அவளை அழவிட்டிருந்தேன். அடித்துவிட்டேன். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுகிறாள், அவ்வளவுதான்.]

3

மன்றத்தில் வரிவிலக்குக்கு வாக்கெடுப்பு. இரண்டுக்கு இரண்டு. மிச்சம் வெர்னா.

'ஆம்' சொல்ல வைத்துப் பார்த்தேன்: ஞாயிறுதோறும் ஹார்லன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துப் பாடுகிறான். 'இல்லை' சொல்ல வைத்தேன்: அவனுடைய டிரக் ஹாரன்கூட அடிக்காமல் ஊரைத் தாண்டுகிறது. இரண்டும் நடக்கக்கூடியதாகவே இருந்தன. அதுதான் தொல்லை.

எழுத்தர் அவள் பெயரை வாசிக்கிறார். கடைசி வரிசையில் ஹார்லன் எழுகிறான்.

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு சொல்லாதக்கா. நான் வெளிய நிக்கிறேன்."

"உக்காருடா!" மைக் திறந்திருப்பதையும் மறந்து வெர்னா கத்துகிறாள். "எதைச் சொன்னாலும் ஒன் மூஞ்சியப் பாத்துதான் சொல்லுவேன்."

உட்காருகிறான். எழுத்தர் மறுபடியும் கூப்பிடுகிறார்.

இதுவரை காதில் விழுந்ததைத்தான் எழுதினேன். இப்போது அவள் மூச்சு மட்டுமே கேட்கிறது. உங்களுக்குக் காது கூர்மையாக இருக்கலாம். மேற்கோள் குறியைத் திறந்தே வைக்கிறேன்.

தம்பியைப் பார்த்தபடி வெர்னா சொன்னாள்: "