பால் கேனில் மூன்று ஓட்டை

கார்விக் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது லைல் ஹேகன் வெல்டன் கல்லூரி மைதானத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். வெல்டனில் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் வேலை என்றால் அதில் பனி அள்ளுவதும் சேர்த்திதான்.

"லைல்! வேட் பேசறேன்டா. எப்படி இருக்கே?"

லைல் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். வேட் ப்ரெண்டிஸ். கார்விக்கின் விளையாட்டுத் துறைத் தலைவன். அதற்கெல்லாம் முன்பு வெல்டன் அணியில் லைலின் தோளோடு தோள் ஒட்டி முன்வரிசையில் நின்றவன். லைலின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"சொல்லு" என்றான் லைல்.

"செப்டம்பர் கடைசியில எங்க ஹோம்கமிங். வரேன்னு சொன்ன டீம் ஒண்ணு கழண்டுக்கிச்சு. நீங்க வர்றீங்களா? பழைய உறவை மறுபடியும் ஆரம்பிச்ச மாதிரியும் இருக்கும்."

ஹோம்கமிங் என்றால் பழைய மாணவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு கல்லூரிக்குத் திரும்பி வரும் நாள். பாட்டு, ஊர்வலம், ராஜா ராணிக்குக் கிரீடம் சூட்டுதல், அப்புறம் ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு எந்த மாதிரி அணியைக் கூப்பிடுவார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வந்து, தோற்று, போகிற அணியைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா.

"வர்றோம். ஆனா பால் கேன் மைதானத்துக்கு வரணும். ஜெயிச்சவங்க எடுத்துட்டுப் போறது, பழையபடி."

வேட் சிரித்தான். "அந்தக் கேனா? எங்க ஆஃபீஸ் வாசல்ல செடி வெச்சிருக்காங்கடா அதுல. சரி சரி, கொண்டு வரச் சொல்றேன்."

அந்தக் கேனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரும்புக் கேன், நசுங்கிய வயிறு, இரண்டு காது. வெல்டனும் கார்விக்கும் ஒரே போட்டிக் கூட்டமைப்பில் இருந்த காலத்தில், எண்பது தொண்ணூறு வருடமாக, ஆண்டுக்கு ஒரு தடவை மோதுவார்கள். ஜெயித்தவர்கள் அந்தக் கேனில் பால் ஊற்றி, மைதானத்திலேயே ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக் குடிப்பார்கள். தாடியெல்லாம் பால் வழியும். லைலும் வேட்டும் அப்படிக் குடித்தவர்கள்தாம்.

பிறகு பெரிய கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்று, தொலைக்காட்சியில் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, வருடா வருடம் ஆள் சேர்க்க ஆரம்பித்தது. கார்விக்கைக் கூப்பிட்டது. வேட் நேராக வெல்டனுக்கு வந்து, லைலின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, லைலின் மனைவி மார்னி சுட்ட கேக்கில் இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டு சொன்னான்: "போனா ரெண்டு பேரும் போறோம். இல்லேன்னா யாரும் போகல."

அடுத்த வாரம் கூட்டமைப்புக்காரர்கள் வானொலிப் பேட்டி ஒன்றில் அவனிடம் வெல்டனைப் பற்றிக் கேட்டார்கள். அவன் சொன்ன பதிலை லைல் வண்டியில் போகும்போது கேட்டான். "வெல்டனா? அங்க ஆட்டம் பாக்கறவங்களவிட மாடு ஜாஸ்தி." பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம்.

அத்தோடு முடியவில்லை. அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் கார்விக் நன்றாக முன்னால் இருந்தது. சில நொடிகள்தாம் பாக்கி. அந்த நேரத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலைத் தரையில் ஊன்றி ஆட்டத்தை முடித்துக்கொள்வதுதான் மரியாதை. கார்விக் முழங்கால் போடவில்லை. பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் இன்னொரு டச்டவுன் போட்டு, இன்னும் புள்ளி சேர்த்துக்கொண்டது. கேனைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. பழைய கூட்டமைப்பு உளுத்த கூரை மாதிரி சரிந்தது. வெல்டன் பையன்கள் ஆட ஆள் தேடி, ராத்திரி பகலாகப் பஸ்ஸில் போய்வந்தார்கள்.

ஆனால் வேட்டுக்குத் தெரியாத ஒன்று வெல்டனில் நடந்துகொண்டிருந்தது. யாரும் கவனிக்காத இடத்தில் ஒரு வசதி உண்டு, அவசரம் கிடையாது. பண்ணைப் பையன்கள் வருவார்கள். முதல் வருடம் லைல் அவர்களை ஆட விடமாட்டான். தின்னு, தூக்கு, தூங்கு, அவ்வளவுதான். இரண்டாவது வருடம் கொஞ்சம். ஐந்தாவது வருடத்தில் அந்தப் பையன் தானியக் கிடங்கு மாதிரி நிற்பான். பக்கத்தில் நிற்பவன் மூச்சு விடுகிற விதம்கூட அவனுக்குப் பழகியிருக்கும். சின்னக் கல்லூரிகளுக்கு நடுவில் வெல்டன் கோப்பை கோப்பையாக அடுக்கியது. லைல் ஒவ்வொரு கோப்பையையும் வாங்கி வைத்தான். ஒன்றிலும் பால் குடிக்கவில்லை.

"ஒத்துக்கிட்டியா?" என்று மார்னி கேட்டாள், சேதி கேட்டு.

"ஒத்துக்கிட்டேன்."

"விளையாடவா, பழி வாங்கவா?"

"ரெண்டுக்கும் ஒரே பஸ்தானே."

செப்டம்பர் வந்தது. கார்விக் தெற்கே இருக்கிறது. அங்கே அந்த மாதத்திலும் வெயில் கொளுத்தும். மார்னி பஸ்ஸின் வயிற்றில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை ஏற்றினாள். உள்ளே முழுக்கப் பால். முன்வரிசை நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் தள்ளுகிற ஐசக் டெக்கரின் அப்பா, தன் மாடுகளிடம் கறந்து கொடுத்தனுப்பியது.

"தோத்துட்டா?" என்றான் லைல்.

"தோத்துட்டா காப்பிக்கு ஆகும்."

மைதானம் முழுக்கச் செயற்கைப் புல், அந்தக் கோடையில்தான் புதிதாகப் போட்டது. நடுவில் ஒரு வீடு அகலத்துக்குக் கார்விக்கின் கரடி முகம். ஓரத்தில் ஒரு மேசைமேல் பால் கேன் இருந்தது. மண்ணைக் கொட்டி, அவசரமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். லைல் அதைத் தொட்டான். ஏதோ உறுத்த, தலைகீழாகத் திருப்பினான்.

அடியில் மூன்று ஓட்டை. செடிக்குத் தண்ணீர் வடிய, துளைபோட்டு எடுத்த ஓட்டைகள். உள்ளே இன்னும் வேர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

லைல் கேனைத் திரும்ப வைத்தான். ஓட்டை போடச் சொன்னவனும் ஒரு காலத்தில் அதே கேனைத் தூக்கி வாய் வைத்தவன்தானே என்று நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது.

அந்தக் கோபத்தோடு ஆட்டத்தை ஆரம்பித்ததுதான் தப்பு. வெல்டன் ஆட்டம் எப்போதும் தரை ஆட்டம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி முட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவது. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் நகர்ந்தால் பந்து கையிலேயே இருக்கும். மறுபடி நாலு முயற்சி. லைல் அன்றைக்கு அதை விட்டுவிட்டான். ஒரே அடியில் வேட்டின் வாயை அடைக்க வேண்டும் என்று, தூரத்தூரமாக எறியச் சொன்னான். முதல் எறிதல் கார்விக் பையன் கைக்குப் போனது. இரண்டாவதும் அப்படியே. பாதி ஆட்டம் முடியும்போது கார்விக் பதினாலு, வெல்டன் பூஜ்யம். கூட்டம் "மூ... மூ..." என்று மாடு மாதிரி கத்தியது.

வெளியே ராஜா ராணிக்குக் கிரீடம் சூட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியச் சத்தம் ஓய்வறைச் சுவரில் இடித்தது. ஐசக் டெக்கர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "கோச், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுடா."

"நீங்க அந்த ஆளோட சண்டை போடறீங்க. ஆட்டம் எங்களோடது. எங்ககிட்ட குடுத்துடுங்க."

லைலின் உதவியாளர்கள் தரையைப் பார்த்தார்கள். ஐசக் விடவில்லை. "இன்னொண்ணு கோச். எனக்கு எதிர்ல நிக்கறானே, அவன் பக்கத்துல இருக்கறவன 'ஏய் தொண்ணூத்தி ஒண்ணு'ன்னு கூப்புடறான். பேரு தெரியல அவனுக்கு. எல்லாரையும் இந்த வருஷம்தான் எங்கெங்கேயோ இருந்து புடிச்சுட்டு வந்திருக்காங்க. தனித்தனியா ஒவ்வொருத்தனும் புலி. ஒரே எடத்துல முட்டிக்கிட்டே இருந்தா யாரு யாருக்கு உதவணும்னு தெரியாம நிப்பானுங்க."

லைல் அவனையே பார்த்தான். கோபம் போகவில்லை. ஆனால் உள்ளே எங்கோ அது ஆறி, இறுகி, கல்லானது. அப்படி இறுகினால்தான் அது உபயோகப்படும்.

"டிராக்டர்" என்றான்.

பையன்கள் நிமிர்ந்தார்கள்.

"முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் டிராக்டர். வேற எதுவும் கேக்காதீங்கடா என்கிட்ட."

டிராக்டர் என்பது வெல்டனில் முதல் வருடப் பையனுக்கு முதல் நாள் கற்றுத்தருவது. முன்வரிசை ஐந்து பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தள்ளுவார்கள், பந்துக்காரன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வருவான். அழகு கிடையாது. மூன்று கெஜம், நான்கு கெஜம், எழுந்திரு, மறுபடியும்.

மூன்றாவது கால்பகுதி முடியும்போது பதினாலுக்குப் பதினாலு. கார்விக் கூட்டம் மூ சொல்வதை நிறுத்திவிட்டது. கடைசிக் கால்பகுதி ஆரம்பத்தில் வெல்டன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. பதினேழு, பதினாலு. கார்விக் பந்தைத் தவறவிட்டது. வெல்டன் கைக்கு வந்தது, மைதானத்தின் நடுவில், பாதி மைதானம் முன்னால் கிடக்க, ஒன்பது நிமிடம் மிச்சம் இருக்க.

அப்புறம் நடந்ததைத்தான் இன்றைக்கும் வெல்டன் சலூனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெல்டன் பந்தைத் திருப்பித் தரவே இல்லை. டிராக்டர். எழுந்திரு. டிராக்டர். ஒவ்வொரு தடவையும் லைல் கடிகாரம் கரைகிற வரைக்கும் காத்திருந்து கையசைத்தான். கார்விக்கின் பிரபலமான பந்தெறிகிறவன் ஓரத்தில் தலைக்கவசத்தைப் போட்டான், கழற்றினான், போட்டான், கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மேலே படிகளில் கிரீடம் வைத்த ராணி கொட்டாவி விட்டாள். ஜனங்கள் வண்டி எடுக்கக் கிளம்பினார்கள்.

"டேய் தொண்ணூத்தி ஒண்ணு, இந்தப் பக்கம்!" என்று ஒருவன் அலறினான்.

"அவன் பேரு மைக்கா!" என்று குனிந்தபடியே கத்தினான் ஐசக். "நான் கேட்டு வெச்சிருக்கேன், நீயும் கேட்டுக்கோ!"

கார்விக்கின் எல்லைக் கோட்டுக்கு இரண்டு கெஜம். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாக்கி. கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் இடைவேளைகளையெல்லாம் கார்விக் தீர்த்திருந்தது. வேட் ப்ரெண்டிஸ் மேலறையிலிருந்து இறங்கி வந்து, எதிர் ஓரத்தில், பால் கேனுக்குப் பக்கத்தில் நின்றான். தலை வழுக்கையாகியிருந்தது. லைலைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். போதும், முழங்கால் போடு என்று.

உதவியாளன் லைலின் சட்டையைப் பிடித்தான். "டச்டவுன் போட்டுடலாம் கோச்! அன்னிக்கு அவங்க போட்டாங்கல்ல! அந்த டச்டவுன் நமக்கு வேணும்!"

ஒன்பது வருடம் கனவில் போட்ட டச்டவுன் அது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறகு அவன் பெஞ்சில் இருந்த பந்தெறிகிறவனைப் பார்த்தான். டச்டவுன் போட்டால் பந்தை அவர்களுக்கு உதைத்துத் தர வேண்டும். ஒரு நிமிடம் அந்தப் பையன் கையில் பந்து இருக்கும். ஜனங்கள் திரும்பி வந்து உட்காருவார்கள். நம்பிக்கை வரும்.

"பந்தைத் தொடக்கூட விடமாட்டேன்" என்றான் லைல். "முழங்கால் போடு."

ஐசக் சிரித்தது கவசத்துக்குள்ளேயே தெரிந்தது. எல்லையை மூக்கால் உரசிக்கொண்டு, ஒரு முழங்கால். இன்னொன்று. இன்னொன்று. கார்விக் பையன்கள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடிகாரம் செத்தது.

மார்னியும் இரண்டு பையன்களும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஐசக் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். "கோச், இதுல ஓட்டை இருக்கு!"

"தெரியும். நடுவுல கொண்டு போ."

"எங்கே?"

"கரடி மூஞ்சிக்கு."

கரடியின் மூக்குமேல் நான்கு பேர் கேனை உயரத் தூக்கிப் பிடித்தார்கள். மார்னி ஊற்றினாள். மூன்று ஓட்டையிலும் மூன்று வெள்ளைக் கயிறு இறங்கியது. ஐசக் அதற்கு நேர் கீழே மல்லாந்து படுத்து வாயைத் திறந்தான். அப்புறம் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வாயில் விழுந்தது கொஞ்சம், புல்லில் விழுந்தது அதிகம். பெட்டி காலியாகும் வரை ஊற்றினார்கள்.

வேட் வேகமாக வந்தான். "லைல், என்னடா இது! புதுப் புல்லுடா! அடியில எறங்கிடுச்சுன்னா கழுவவே முடியாது. இந்த வெயிலுக்கு சீசன் பூரா நாறும்!"

"ஆமா" என்றான் லைல்.

வேட் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு, நடந்தது நடந்துபோச்சு. எங்க கூட்டமைப்புல மறுபடி ஆள் சேக்கறாங்க. ரெண்டு இடம் காலி. நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"ஒரு வார்த்தை சொன்னியே, கேட்டேன். வண்டியில போறப்ப."

வேட்டின் முகம் சிவந்தது. காலடியில் இருந்த வெள்ளையைப் பார்த்தான். "இவ்வளவு பால் எங்கேர்ந்துடா கொண்டு வந்தே?"

"மாடுங்க குடுத்தனுப்புச்சு. எங்க ஊர்ல ஜாஸ்தி."

திரும்பி வரும் வழியில் ஓட்டுநர் வானொலியைப் போட்டான். வேட்டின் குரல்தான். லைல் ஹேகன் பெரிய மனுஷன், கடைசியில் டச்டவுன் போடாமல் முழங்கால் போட்டு எங்கள் மானத்தைக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மார்னிக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேன் அவர்கள் இருவருக்கும் நடுவில், ஒரு சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

பின்னாலிருந்து ஐசக் எட்டிப்பார்த்தான். "கோச், எங்க அப்பாகிட்ட குடுத்தா பட்டறையில வெச்சு ஓட்டைய அடைச்சுடுவாரு. நாளைக்கே கொண்டு போகட்டுமா?"

லைல் கேனின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான். துளையின் விளிம்பு இன்னும் கூராக இருந்தது.

"வேண்டாம்டா" என்றான். "அப்படியே இருக்கட்டும். இதைத் திருப்பி ஜெயிக்கணும்னா அவங்க நம்ம ஊருக்கு வரணும்ல. அவங்க போட்ட ஓட்டைய வந்து பாக்கட்டும்."