கரி தோய்த்த கம்பு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் புக்கிட் பெலிம்பிங் மாரியம்மன் என் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும். பல்லையும் சேர்த்து எடுக்கட்டும். அது கட்டிய பல்தான்.

எங்கள் தோட்டத்துத் தனபாலன் சிலம்பம் சுற்றினால் மழை அவன்மேல் விழாது. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி கங்கா சொல்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். நான் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், துண்டை நீட்டும்போதும் சொல்கிறாள். என் வயிற்றில் எரிவது சம்பல் மிளகாய்க் காரம் என்று கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை.

இந்த வருடத் திருவிழாவில் ரதத்துக்கு முன்னால் கம்பு சுற்றிப் போவது யார் என்று எங்கள் இருவருக்கும் போட்டி வந்தது. தோட்டத்து வழக்கப்படி ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை, கம்பு நுனியில் கரிக்குழம்பு. தொட்ட இடத்தில் புள்ளி விழும். அதிகம் வாங்கியவன் தோற்றவன். ரதம் எனக்கு அப்புறம்தான். முதலில் கங்கா வாயிலிருந்து என் கம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

"என்னாண்ணே, இந்த வயசுல வேணுமா லா? இடுப்பு புடிச்சுக்கும்" என்றான் தனபாலன்.

"ஒன் இடுப்ப நீ பாத்துக்கடா."

கங்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கண் முழுக்க அவன் கம்பின்மேல்.

அதைப் பார்த்துவிட்டுச் சுற்றினேன். அந்தக் காற்றில் கடற்கரை ஜெராமில் விரித்திருந்த கருவாடு மொத்தமும் காய்ந்துபோனது. சீலாட் சண்டைக்கலை ஆடிக்காட்ட வந்திருந்த மலாய்க்காரக் குரு தன் கிரிஸ் கத்தியை உறைக்குள் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். மழை வந்தது, என் கம்பைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பி, எங்கோ தூரத்து ஊரான உலு யாமில் போய்ப் பெய்தது. தனபாலன் எங்கே நிற்கிறான் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். பின்னால்தான் நின்றான் என்று பிறகு சொன்னார்கள்.

கடைசியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. பாவமாக இருந்தது. ரதத்துக்கு முன்னால் நீயே போ என்று விட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கங்கா முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"சட்டைய பாத்தியா? ஒரு புள்ளி இருக்கா?"

"பாத்தேன், பாத்தேன். கழட்டுங்க, ஊறப் போடணும்."

இப்போது அந்தச் சட்டை கொடியில் காய்கிறது. முதுகுப் பக்கத்துக் கரிதான், கங்கா எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.