உலைக்கு லீவு கிடையாது

"எங்க நடந்துச்சு?"

"வீட்டுல."

"எப்படி?"

"வெந்நீர்ப் பாத்திரம் கவுந்துடுச்சு."

"எந்தக் கையில புடிச்சிருந்த?"

கட்டிலில் சாய்ந்து கிடந்தவன் யோசித்தான். அவன் யோசிப்பதைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"யோசிக்காதடா. யோசிச்சா பொய்யின்னு தெரிஞ்சுடும். இடது கைல புடிச்சிருந்தேன், வலது கைல ஊத்திக்கிச்சு. எங்க, சொல்லு."

தம்பி சொன்னான். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அண்ணன் திருப்தியில்லாமல் எழுந்து போய், ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை இன்னொரு முறை அழுத்திச் சாத்தினார்.

அண்ணன் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை மேஸ்திரி. தம்பி அவருக்குக் கீழே உலைக்காரன். ஒல்லியான உடம்பு என்பதால் தொழிற்சாலையில் அவனுக்கு ஊசி என்று பெயர். அவன் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள். ஊசிக்கு ஏற்ற தையல்காரிதான் வாய்த்திருக்கிறாள் என்று தெருவே கேலி பேசும். அந்தத் தையல்காரி இப்போது சமையலறை வாசலில் ஈரத்துணியும் கையுமாக நின்று, ஒத்திகை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். காலையில் கட்டை அவிழ்த்தபோது ஒரு வாடை வந்தது. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று அவள் நேற்றே மன்றாடினாள். பொய் தயாராகும்வரை மேஸ்திரி வாயிற்படி தாண்ட விடவில்லை.

கண்ணாடி உலை அடுப்பு மாதிரி இல்லை. நினைத்தால் அணைத்து, நினைத்தால் மூட்ட முடியாது. உள்ளே உருகிக் கிடக்கிற கண்ணாடி ஒரு தடவை இறுகிவிட்டால் உலையே பாழ். செங்கல் வெடித்து, எல்லாவற்றையும் இடித்துத்தான் கட்ட வேண்டும். பாட்டிலுக்கு ஆர்டர் இல்லாமல் போனபோது மேனேஜர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, மைக் பிடித்து, கட்டாய விடுப்பு என்றார். பாதிச் சம்பளம் வரும், வேலை எங்கேயும் போகாது, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். குரலை உயர்த்தி இன்னொன்றும் சொன்னார். விடுப்பில் இருக்கிறவர்கள் வேலை செய்யவே கூடாது, சட்டம் அப்படி, மீறினால் வேலை போய்விடும் என்றார். அன்றைக்கே லாக்கர் அறையைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டத்தை எவ்வளவு கவனமாக மதிக்கிறார்கள் என்று ஊசிகூட மெச்சிக்கொண்டான்.

ஆனால் உலையை யார் பார்ப்பது? அதைப் பற்றி மைக்கில் யாரும் பேசவில்லை. மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க ஆளுங்க யாராவது மனசு வெச்சு வந்தா நல்லது என்றார்கள். மனசு வைக்காதவர்கள் பெயர் திரும்ப வேலை தொடங்கும்போது நினைவில் இருக்கும் என்றும் சொன்னார்கள். மேஸ்திரி முதலில் கூப்பிட்டது தம்பியைத்தான். மணல் லாரி வருகிற பின்கேட் வழியாக உள்ளே போக வேண்டும், வருகை அட்டையைத் தேய்க்கக் கூடாது. அண்ணன் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

எட்டுப் பேர் பார்க்கிற உலையை இரண்டு பேர் பார்த்தார்கள். தோல் கையுறையும் மேலங்கியும் லாக்கரில் பூட்டிக் கிடந்தன. முந்தாநாள், நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஊசி உலையின் பார்வைத் துளையைத் திறந்தபோது, உள்ளிருந்து தீ சீறி வெளியே வந்தது. சாக்கும் சட்டையும் கையோடு பொசுங்கின. மேஸ்திரி அந்தக் கையை அப்படியே துண்டால் சுற்றி, அவனை மணல் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவன் அன்றைக்கு அங்கே வரவே இல்லை என்று மேனேஜர் அப்போதே சொல்லிவிட்டார்.

"வண்டி கூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லிப் பாரு" என்று மேஸ்திரி செருப்பை மாட்டினார். தையல்காரியைப் பார்க்காமலே, "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. யாராவது கேட்டா அவனையே சொல்ல விடு. விஷயம் வெளிய போச்சுன்னா லீவுல வேலை செஞ்சவன்னு இவனத்தான் முதல்ல தூக்குவாங்க" என்றார்.

"சரிங்க மாமா" என்றாள். அவர் தெருமுனை திரும்பியதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

தொழிலாளர் அலுவலகத்தின் எண்ணை ஒரு பஸ்ஸின் முதுகில் பார்த்து எப்போதோ பதிந்து வைத்திருந்தாள். கூப்பிடத்தான் துணிச்சல் வந்ததில்லை. மணி அடிக்க அடிக்க, எண்ணை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்து விடுவார்களோ என்று பயந்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பேசினாள். காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்த குரல்.

"பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேக்குறேங்க" என்றாள் தையல்காரி. "அவரு கட்டாய லீவுல இருக்காரு. லீவுல வேலைக்குப் போயிட்டாரு. கை வெந்துடுச்சு. அவருக்குத் தண்டனை உண்டுங்களா?"

"வேலைக்கு அவரா போனாரா, கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"அப்ப தப்பு கம்பெனி மேல. அவரு மேல இல்ல. லீவுல இருக்கறவங்கள வேலை வாங்கக் கூடாதுங்கறதுதாம்மா சட்டம். வாங்கினா முழுச் சம்பளம் குடுக்கணும். அடிபட்டா வைத்தியமும் அவங்க பொறுப்பு."

தையல்காரிக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. எந்தச் சட்டத்தைக் காட்டி இத்தனை நாளும் மிரட்டினார்களோ, அந்தச் சட்டம் இவர்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

"அப்ப வேலைய விட்டு எடுக்க மாட்டாங்களா?"

எதிர்முனை கொஞ்சம் தயங்கியது. "எடுக்கக் கூடாது. எடுக்க மாட்டாங்கன்னு நான் சொன்னா அது பொய். எடுத்தா இங்க வாங்க, கேஸ் போடலாம். ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரில முதல்ல என்ன சொல்றாரோ அதுதான் நிக்கும். வீட்டுல நடந்ததுன்னு சொல்லிட்டாருன்னா அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இதக் கண்டிப்பா சொல்லுங்க." கடைசியாகக் குரலைத் தணித்து, "கட்டு போட்ட கைய தொங்கப் போடாம தூக்கி வெச்சுக்கச் சொல்லும்மா" என்றாள். பக்கத்து வீடு எவ்வளவு பக்கம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து, புருஷனுக்குச் சட்டையைத் தோளில் போர்த்திவிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"முடியாது."

"ஏங்க?"

"என்னைக் கூப்பிட்டது மேனேஜர் இல்ல, அண்ணன். நான் வாயத் தொறந்தா மாட்டுறது அவருதான். அவராவது லீவு இல்லாம முழுச் சம்பளத்துல இருக்கார். அதையும் கெடுக்கச் சொல்றியா?"

"உங்க கை என்னங்க ஆகும்?"

வாசலில் வண்டி வந்து நின்றது.

வழியெல்லாம் மேஸ்திரி பேசிக்கொண்டே வந்தார். இடது கை, வலது கை, வெந்நீர். பாதி வழியில் தையல்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன்தான் அவள் பிரசவத்துக்கு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர். தம்பிமேல் உயிரை வைத்திருப்பவர். அவர் வாயால் இந்தப் பொய் வருகிறது என்றால் அவருக்குள் எவ்வளவு பயம் இருக்கும் என்று நினைத்தாள். தன் பயம் அதற்குக் குறைந்ததில்லை என்றும் நினைத்தாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கட்டைப் பிரித்தவர் முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் நெடுநேரம் குனிந்தே பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"வீட்டுல. வெந்நீர்ப் பாத்திரம் கவுந்துடுச்சு. இடது கைல புடிச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தான் ஊசி.

"வெந்நீரா?" டாக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். "வெந்நீர் தோலை இப்படிக் கரியாக்காது. போகட்டும், புருவத்த யாரு பொசுக்கினது? அதுவும் வெந்நீரா?"

ஒத்திகையில் புருவம் வரவில்லை. ஊசி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு ஆபரேஷன் வேணும். தொடையிலேர்ந்து தோல் எடுத்து வைக்கணும். விரலு பழையபடி மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாது. எங்க நடந்ததுன்னு சரியாச் சொல்லுங்க, எழுதணும்."

தையல்காரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடித் தொழிற்சாலைல டாக்டர். உலையில தீ வெளிய வந்துடுச்சு. கையுறை குடுக்கல."

"நீ சும்மா இரும்மா" என்றார் மேஸ்திரி.

"வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து நீங்க சொல்லி நான் மறுத்துப் பேசினதில்ல மாமா. இன்னிக்கு ஒருநாள் பேசிக்கிறேன். மன்னிச்சுடுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அன்னைக்கு இவரு வேலைல இருந்தாரா?"

"லீவுல இருந்தாரு."

"லீவுன்னா அங்க எதுக்குப் போனாரு?"

"வேலைக்குத்தான் போனாரு" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது.

"கூட யாரு இருந்தா?"

ஊசி சட்டென்று, "யாரும் இல்ல. நான் மட்டுந்தான்" என்றான். வலியையும் மீறி அந்தப் பதில் மட்டும் ஒத்திகை இல்லாமலே வந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "சார்" என்றார். அறை அமைதியாக இருந்ததால் மேனேஜரின் குரல் எல்லோருக்கும் கேட்டது. உலைப் பக்கம் யாரையும் காணோமே, சாயங்காலம் நீ வந்துடு, உன் தம்பிக்குப் பதிலா வேற ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வா, பின்கேட்டைத் திறந்து வைக்கச் சொல்றேன் என்றது குரல். தம்பிக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

மேஸ்திரி தம்பியின் கையைப் பார்த்தார். கட்டு இல்லாமல் முழுசாக அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சார், நான் வர முடியாதுங்க" என்றார். "நானும் லீவுலதான் சார் இருக்கேன்."

தையல்காரி திரும்பினாள். ஊசி தலையைத் தூக்கினான். தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முழுச் சம்பளம் வாங்குகிற மனுஷனாகத் தெருவில் நடந்து போனவர் அவர்.

"அண்ணே?" என்றான் ஊசி.

"முதல் நாளே எனக்கும் லீவு குடுத்துட்டாங்கடா." கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார். "மேஸ்திரின்னு பேருதான். பாதிச் சம்பளம்தான் எனக்கும். சொன்னா நீ வேலைக்கு வந்திருக்க மாட்ட."

எதிர்முனையில் குரல் உயர்ந்தது. உலை, இறுகிடும், நீதான் பொறுப்பு, நாளைக்கு எத்தனை குடும்பம் என்ற சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவர் கேட்டுக்கொண்டார். பேச்சு நின்றதும், "லீவுல இருக்கறவங்க வேலை செய்யக் கூடாதுன்னு நீங்கதான சார் மைக்ல சொன்னீங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தார்.

பிறகு டாக்டரிடம் திரும்பி, "கூட இருந்தது நான்தாங்க. கூப்பிட்டதும் நான்தான். என்னைக் கூப்பிட்டது மேனேஜர். மூணையும் எழுதிக்கோங்க" என்றார்.

டாக்டர் எழுதினார். தையல்காரி சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார, மேஸ்திரி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உடம்பு நடுங்குவது பெஞ்சின் பலகை வழியாக அவளுக்குத் தெரிந்தது. இருவரும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.