இரண்டாவது சத்தியம்

வெல்டிங் படிப்புக்கும் இனி உதவித்தொகை உண்டு என்று ரேலீனுக்கு போன் வந்தபோது, மகள் ஷெல்பி ராணுவத்துக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

படைவீரர் பிள்ளைகளுக்கு உதவும் அந்த அறக்கட்டளை அதுவரை கல்லூரிக்கு மட்டும்தான் கொடுத்தது. ஷெல்பிக்குப் புத்தகம் ஏறாது. இரும்பு என்றால் உயிர். அப்பாவின் ஓட்டை டிரக்குக்கு அவள் வைத்த வெல்டிங் ஒட்டுகள்தான் இன்னும் அதை ஓடவைக்கின்றன. ராணுவத்தில் சேர்ந்தால் அவர்களே வேலை கற்றுத்தருவார்கள் என்று, வசந்தத்திலேயே கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தாள். விடிந்தால் பயணம்.

"போக வேண்டாம்டி, இங்கயே படிக்கலாம். இப்பதான் சொன்னாங்க."

ஷெல்பியின் முகம் மலர்ந்தது. உடனே அப்பாவைப் பார்த்தாள். டுவேன் ராணுவத்தில் சுமை சுமந்தே இடுப்பைத் தொலைத்தவன். இப்போது கில்லீன் ஊர் வெயிலில் கூரை வேலை.

"சத்தியம் பண்ணியாச்சு. இனிமே வரலன்னா புடிச்சு ஜெயில்ல போட்ருவாங்க."

"நிஜமாவாப்பா?"

"பின்ன, நான் அங்க பல்லா குத்திக்கிட்டு இருந்தேன்?"

"சரி விடு. இரும்பு எங்க ஓடிடப் போகுது" என்று சிரித்தாள் ஷெல்பி. உதடு மட்டும்தான் சிரித்தது.

மகள் போன மறுநாள், ராணுவ முகாம் வாசல் சலவைக்கடையில் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டபடி ரேலீன் இதைப் பக்கத்து மேசை மார்வாவிடம் சொன்னாள். மார்வாவின் புருஷன் முன்பு ராணுவத்துக்கு ஆள் சேர்த்தவன்.

"அடிப் பைத்தியமே! கிளம்புற அன்னைக்கு ரெண்டாவது சத்தியம் ஒண்ணு இருக்கு. அதுவரைக்கும் 'வரல'ன்னா அவ்வளவுதான், ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஜெயிலு கியிலுன்னு மிரட்டுவாங்க. எம்புருஷன் மிரட்டாத மிரட்டா?"

ரேலீனின் இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் சட்டை கருகியது. ஷெல்பி இரண்டாவது சத்தியத்தை நேற்றே செய்துவிட்டாள்.

வீட்டு வாசற்படியில் டுவேன் தார் ஒட்டிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சேதான் அனுப்புனியா?" என்று கத்தினாள். மார்வா சொன்னதையெல்லாம் கொட்டினாள்.

அவன் கை நின்றது. "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.

"அந்தக் காலத்துல நான் கிளம்புறதுக்கு முந்துன நாள் நானும் போய் நின்னேன், ரேலீன். வரமாட்டேன்னு சொல்லத்தான் போனேன். ஜெயிலுன்னாங்க. பயந்து திரும்பி வந்து பையைக் கட்டுனேன்."

ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவந்த வார்த்தைகளை ரேலீன் விழுங்கினாள்.

உள்ளே போன் அடித்தது. அறக்கட்டளைப் பெண்.

"உங்க பொண்ணு எப்பம்மா வந்து சேர்றா?"

"வரமாட்டா. அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க."

"ஏம்மா, அவளுக்கு விருப்பம் இல்லையா?"

ரேலீன் கராஜில் தொங்கிய வெல்டிங் முகமூடியைப் பார்த்தாள்.

"விருப்பம்தான்" என்றாள்.