‘ஓவர்’ இல்லாத பேச்சு

டெலிபோன் ரிசீவரின் வயர் படுக்கைவரை எட்டவில்லை. சிஸுரு மேஜையையே பாய்த்தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். ரிசீவரை அம்மா கினுயோவின் காதில் வைத்து, தன் காதையும் பக்கத்தில் சாய்த்துக்கொண்டாள். துறைமுகத்துத் தண்ணீரில் பட்ட வெயில் மேலேறி உத்தரத்தில் நெளிந்தது. அறையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

அம்மாவுக்கு இன்று தாண்டாது என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தொகுஜி ஆப்பிரிக்காவுக்கும் தெற்கே, சூரை மீன் பிடிக்கும் கப்பலில் இருந்தார்.

கல்யாணமானதிலிருந்து அவர் கடலில் இருக்கும்போதெல்லாம் இருவரும் பேசியது மீனவர் சங்கத்து ரேடியோவில்தான். மற்றக் கப்பல்களுக்கும் அது கேட்கும். அதனால், “இங்கே எல்லாரும் சௌக்கியம், ஓவர்” என்பதோடு சரி. “எம் புருஷன் எங்கிட்ட பேசினது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது” என்று கினுயோ சிரிப்பாள்.

சங்கத்து ரேடியோ நிலையத்தில் வேலைபார்த்த சிஸுருதான் முதலாளிகளிடம் நடையாய் நடந்து, கப்பல்களில் செயற்கைக்கோள் டெலிபோன் வைக்கச் செய்தவள். நடுக்கடலில் வீட்டுப் பேச்சு எதற்கு, ஆட்களுக்கு மனசு கலைந்துபோகும் என்று முதலில் எதிர்த்தவர் அப்பா.

இப்போதும் ரிசீவரில் அவருடைய மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

“அப்பா, வேற யாருக்கும் கேக்காது. நீங்களும் அம்மாவும்தான்.”

வார்த்தை வானத்துக்குப் போய் இறங்கச் சற்று நேரமானது.

“என்னத்தச் சொல்ல?”

“எதையாவது சொல்லுங்க.”

தயங்கித் தயங்கித் தொடங்கினார். கப்பலில் ஒரு பெரிய வெள்ளைப் பறவை வந்து உட்கார்ந்திருக்கிறதாம். சோறு வைத்தும் போகவில்லையாம். “உங்கம்மா மாதிரியே முறைக்குது, கினு.”

கினுயோவின் உதடு லேசாக அசைந்தது.

பேச்சு எங்கெங்கோ போய், அவள் மணப்பெண்ணாக வந்திறங்கிய மழைநாளுக்கு வந்து சேர்ந்தது. குடை அவர் கையில்தான் இருந்ததாம். பக்கத்தில் வரச்சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தான் மட்டும் நனையாமல் நடந்தாராம். வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தால்...

ஏறி இறங்கிக்கொண்டிருந்த போர்வை இறங்கியது. சிஸுரு காத்திருந்தாள். அது ஏறவில்லை.

“சிஸு, அவளுக்குக் கேக்குதா?”

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பதில் வராததை வானத்துக்குப் போய்வரும் தாமதம் என்று அவர் நினைத்திருப்பார்.

“கேக்குதுப்பா. சொல்லுங்க.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். சிஸுரு ரிசீவரைக் கொஞ்சம் தூக்கி, அம்மாவின் காதை மறைத்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டு, மறுபடி வைத்தாள்.