பக்கத்து சீட்டு பிரேக்

என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்ட மூன்றாவது வாரம், நானே போய் ஒரு சிகரெட் வாங்கினேன். அவருக்காகத்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் மேஜையில் உட்கார்ந்து ஆள் சேர்க்கிறேன், அவர் காரில் உட்கார்ந்து விரட்டுகிறார். முன்பு அப்படி இல்லை. யாராவது சுவரில் போய் முட்டினால்கூட, "சுவர் எங்கயும் ஓடிடாது, நீங்க நிதானமா பின்னாடி வாங்க" என்பார். பழகுகிறவர் பக்கத்து சீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. அதன்மேல் கால் இருக்கும் தைரியத்தில் யாரையும் நம்பி வண்டியைக் கொடுத்துவிடுவார்.

அந்தக் காலில்தான் வினை வந்தது. விரல்கள் நீலம் பூத்து மரத்துப்போயின. டாக்டர் ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகக் குத்திக்கொண்டே போக, இவர் விட்டத்தைப் பார்த்தபடி, "எப்ப குத்தப் போறீங்க?" என்றார்.

"சிகரெட்தான் ரத்தக் குழாயைச் சுருக்கிருக்கு. அதை விடாம நான் என்ன மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்லை. விரலை எடுக்க வேண்டி வரும். அது விரலோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்றைக்கே விட்டார். கூடவே தூக்கத்தையும் விட்டார். வீட்டில் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது என்று கழற்றினார், திரும்ப மாட்டவில்லை. மிட்டாயைக் கடித்தே கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டார். நான் மூச்சு விடுவதுகூட சத்தமாக இருக்கிறதாம். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கால் இருக்கிறதே, வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை, எங்களிடம் கார் பழகும் வங்கிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அடுத்த மாதம் அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"நான் கியர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடியே கத்துறார் மேடம். இந்த ஒரு ரவுண்டோட நான் வேற இடம் பார்த்துக்கிறேன்."

ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். இவரும் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். கார் தெருமுனை திரும்பியதும் நான் எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போனேன்.

"சார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு" என்றேன்.

மனிதர் அசரவில்லை. "தீப்பெட்டி வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றே ஒன்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து, உள்ளங்கை வேர்வையில் சிகரெட் நனைந்துபோனது.

கார் சீக்கிரமே திரும்பிவிட்டது. அவர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியில் விழுந்து, ஷூவைப் பிடுங்கி உதறினார். மிளகு அளவு ஒரு கல் தரையில் விழுந்தது.

"எப்படித்தான் உள்ள போச்சோ, சனியன். பிரேக்கைத் தொட்டாலே குத்துது. உயிர் போகுது."

"எந்த விரல்?" என்றேன்.

"கேக்கிற கேள்வியைப் பாரு. இதோ, பெருவிரல்."

டாக்டர் ஊசியால் குத்தியும் தெரியாத விரல். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. வலிக்கிற கடுப்பில் என்னை நிமிர்ந்து பார்த்தவர், என் கையைப் பார்த்தார்.

"என்ன அது?"

விரல்களைத் திறந்தேன். அவர் முகம் தளர்ந்தது. யாருக்கு, எதற்கு என்று எதுவுமே கேட்கவில்லை.

"கொடும்மா" என்றார்.

அந்தப் பழைய குரல். சுவர் எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லும் குரல். அதைக் கேட்கத்தானே அந்தக் கடை வரை போனேன். கை நீட்டிக் கொடுத்துவிடத்தான் தோன்றியது.

சிகரெட்டைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"தர மாட்டேன். கத்துங்க. எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க."

கத்தினார். நீயெல்லாம் ஒரு பெண்பிள்ளையா என்றார், இந்த வீட்டில் மனிதன் இருப்பானா என்றார். அவர் பின்னாலேயே வந்திருந்த வங்கிக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் இழுத்து வைத்து, அந்தப் பெருவிரலை நறுக்கென்று கிள்ளினேன். இன்னும் பலமாகக் கத்தினார்.