சட்டை உரிக்கும் கார்

கோமதிநாயகத்தின் கார் முதல் தடவை சட்டை உரித்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம். சங்கரன்கோவிலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுமண்ணை நெற்றியில் பூசுகிற ஊர். கொல்லையில் பாம்புச் சட்டை கிடந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள். தபசு நெருங்கியும் பிச்சிப்பூ விலை ஏறவில்லை என்பதுதான் அந்த வாரத்து ஆச்சரியம்.

கோமதிநாயகத்துக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. ஆனால் காரை அவர் பூவுக்காக வாங்கவில்லை, மனைவிக்காக வாங்கினார். முத்துத்தாய்க்குச் சக்கரம் வைத்த எதில் ஏறினாலும் வாந்தி வரும். பஸ், வேன், ஆட்டோ, ரயில் என்ற பேதம் அவள் வயிற்றுக்குக் கிடையாது. கல்யாணத்துக்குத் திருவேங்கடத்திலிருந்து வேனில் வந்தவள் மணவறையிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெண் வீட்டுச் சம்பிரதாயம் என்று நினைத்தார்கள். அதன்பிறகு பதினெட்டு வருஷம் அவள் நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் வாழ்ந்தாள். ராயகிரியில் இருந்த சொந்த அக்காளைக்கூட அக்காள் வந்தால்தான் பார்த்தாள்.

வீட்டுக்கு ஒரு கார் என்று முடிவானபோது கோமதிநாயகம் மன்சூர் அலியைக் கூட்டிக்கொண்டு போனார். மன்சூர் கடையநல்லூர்க்காரன். தம்மாமில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, புளியங்குடி ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கிறான்.

“வண்டி பாக்குறது பொண்ணு பாக்குற மாதிரி அண்ணாச்சி. மைலேஜ் கேக்கணும், சர்வீஸ் கேக்கணும், கிரவுண்ட் கிளியரன்ஸ் கேக்கணும்.”

“பொண்ணு பாக்கப் போயி கிரவுண்ட் கிளியரன்ஸ் கேட்டவன் நீ ஒருத்தன்தாம்வே.”

அந்த வருஷம் சந்தையில் இருந்த சின்ன எஸ்யூவிகள் அத்தனையையும் ஓட்டிப் பார்த்தார்கள். விற்பனைப் பையன்கள் முன்னால் உட்கார்ந்து ஏர்பேக், டிக்கி அளவு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பின் சீட்டில் முத்துத்தாய் மடியில் பாலிதீன் கவரை விரித்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். தீர்ப்பு கவரில் விழுந்தது. ஒரு வண்டி ரயில்வே கேட் வரை தாங்கியது. ஒரு வண்டியில் கதவைச் சாத்தியதுமே முடிந்துபோனது. கடைசியில் ருவானோ என்று ஒரு வண்டி. சீட்டு பெஞ்சுப் பலகை போல இருந்தது. எஞ்சின் ரைஸ் மில் போலக் கத்தியது. ஜன்னல் மட்டும் வீட்டு ஜன்னல் அளவு. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் போய்த் திரும்பி வந்து இறங்கிய முத்துத்தாய், “பசிக்குது” என்றாள். அன்றைக்கே முன்பணம் கட்டினார் கோமதிநாயகம்.

அடுத்த ஐந்து வருஷம் அவர்கள் போகாத இடமில்லை. திருச்செந்தூரில் முத்துத்தாய் முதன்முறையாகக் கடலைப் பார்த்தாள். குற்றாலத்துக்குச் சாரல் விழும்போதெல்லாம் போனார்கள். ஓடுகிற வண்டியில் முறுக்குத் தின்கிற அளவுக்குத் தேறினாள். ராயகிரி அக்காள் இவள் வந்து வந்து போவதில் சலித்துப்போய், “ஏட்டி, ஒனக்கு வீட்ல சோலியே இல்லையா?” என்று கேட்கும்படி ஆனது.

அப்புறம்தான் ஒருநாள் ஹெட்லைட் இரண்டும் பால் ஊற்றியது போல மங்கின. மன்சூர் பற்பசை போட்டுத் தேய்த்தான். மங்கல் உள்ளே இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியில் குறையில்லை என்றும், வண்டி எதையோ யோசித்துக்கொண்டிருப்பதாகவும் அவன் சொன்னான். மறுநாள் காலை கார் தானாக நகர்ந்து முன் பம்பரைக் காம்பவுண்டுச் சுவரில் உரசியது. மூக்கருகே ஒரு கீறல் விழுந்தது. அதன் வழியே இன்னொரு கார் ஈரமாக, மெதுவாக வெளியே வந்தது. அன்றைய பேப்பரில் இரண்டாம் தலைமுறை ருவானோ அறிமுகம் என்று முழுப்பக்க விளம்பரம். மன்சூர் பேப்பரைக் காரின் பக்கத்தில் பிடித்து விளக்கு விளக்காக ஒப்பிட்டான். ஒரு குரோம் பட்டைகூடத் தப்பவில்லை. வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் அதிகாரி குனிந்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். பழைய நம்பர்தான். வரி கட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

கோமதிநாயகம் நாலு நாள் தலைகால் புரியாமல் இருந்தார். முன்னால் டிவி போல ஒரு திரை. பின்னால் வருகிறவனைக் காட்டக் கேமரா. மெத்தை போல சீட்டு, தொட்டில் போல சஸ்பென்ஷன். மார்க்கெட்டில் எல்லோரும் ஏறி உட்கார்ந்து பார்த்து நல்ல விருத்தி என்றார்கள். முத்துத்தாய் ஏறினாள். தெருமுக்கு திரும்புவதற்குள் கவரைத் தேடினாள்.

“ஒனக்கு என்னதாம்ட்டி செய்யுது?”

“இது கொஞ்சுதுங்க. எனக்குப் புடிக்கல.”

செய்யாத வைத்தியமில்லை. பானெட்டில் புற்றுமண் பூசினார். கோயில் நாகசுனைத் தண்ணீர் தெளித்தார். மன்சூர் சஸ்பென்ஷனை முறுக்கிப் பார்த்தான், சீட்டுக்கடியில் பலகை வைத்துப் பார்த்தான். வண்டி கொஞ்சுவதை நிறுத்தவில்லை. உரித்துப்போட்ட முதல் சட்டை முற்றத்தில் வெங்காயத் தோல் போல அப்படியே நின்றது. சாயங்காலங்களில் முத்துத்தாய் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அதில் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அது எங்கும் போகவும் இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த ஆடியிலேயே சட்டையும் பறந்தது. கரிவலம்வந்தநல்லூர் கண்மாய்க்கு மேலே அது வடக்கே போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

முத்துத்தாய் பழையபடி நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் திரும்பினாள். மகள் மாரிசெல்விக்குக் கல்யாணம் ஆனது. மருமகன் கோகுலுக்குக் கொல்லத்தில் பேங்க் வேலை. மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டை முத்துத்தாய் செல்போனில்தான் பார்த்தாள். மாரிசெல்வி போனைப் பிடித்துக்கொண்டு அடுக்களையையும் கிணற்றையும் சுற்றிக் காட்டும்போது இவளுக்கு இங்கே குமட்டியது. “நடக்காம காட்டு மக்கா” என்பாள்.

மாரிசெல்வி உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனால் வளைகாப்புக்கு நாள் குறித்த வாரத்தில் டாக்டர், நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, பெண்ணைக் கட்டிலைவிட்டு அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் வர முடியாது. தாய் போக முடியாது. முத்துத்தாய் ரெண்டு நாள் கொல்லம் எத்தனை மைல் என்று ஆள் ஆளாக விசாரித்தாள். மூன்றாம் நாள், நடந்தே போகப்போவதாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் கான்வாஸ் செருப்பு ஒன்றை வாங்கிவந்து, விடியற்காலையில் ரதவீதிகளைச் சுற்றிப் பழக ஆரம்பித்தாள். கோமதிநாயகம் பின்னாலேயே நடந்தார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

இந்த மாசியில் ஹெட்லைட் மறுபடியும் பால் பூத்தது. கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது. மூன்றாவதாவது அவளுக்கு ஒத்துக்கொள்ளாதா? திருநெல்வேலி ஷோரூமுக்கு ஓடினார். புது மாடல் இன்னும் வரவில்லை, புக்கிங் மட்டும் நடக்கிறது என்றான் பையன். காற்று வருகிற சீட்டு, வண்ண விளக்கு, திறக்கிற கூரை என்று அடுக்கினான்.

“அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. வாந்தி வருமா, வராதா?”

பையன் விலைப்பட்டியலைப் புரட்டினான். “டாப் மாடல்ல வராது சார்.”

ஆனால் கார் மூக்கைத் திறக்கவில்லை. மாசி போய்ப் பங்குனி பிறந்தது. கோமதிநாயகம் தினமும் பம்பரைத் தடவிப் பார்த்தார். உரிக்கப்போகிறதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கழுவாமல், எடுக்காமல் வைத்திருந்தார். மன்சூர்தான் விவரம் கொண்டுவந்தான். ஏதோ உதிரிபாகம் கப்பலில் வராததால் கம்பெனி அறிமுகத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டதாம். “அவன் தள்ளி வச்சா வண்டி என்ன அண்ணாச்சி செய்யும், பாவம்.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோகுல் போன் செய்தான். வலி முன்கூட்டியே எடுத்துவிட்டது, ரத்தப்போக்கு இருக்கிறது, மத்தியானம் ஆபரேஷன். பிறகு போனை மாரிசெல்வி வாங்கினாள்.

“யம்மா, நீ வந்துருவியா?”

“வாரேன் மக்கா.”

போனை வைத்த முத்துத்தாய் அடுக்களைக்குப் போய் ஒரு கட்டுக் கவரை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள்.

“உரிக்கப் போற வண்டிய எடுக்கக் கூடாதுட்டி. பாவம்.”

“எம்பொண்ணு வலியில கெடக்கா. நீங்க வண்டிக்கு நோவும்ங்கீய. எடுங்க.”

கண் தெரியாத வண்டியை ஓட்ட மன்சூர் வந்தான். வண்டி முனகிக்கொண்டே கிளம்பியது. புளியங்குடியில் ஒரு கவர். சொக்கம்பட்டியில் ஒன்று. கடையநல்லூரில் மன்சூரின் மனைவி ஹஸ்னா பானு ரோட்டோரம் நின்று சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அது தென்காசியில் வெளியே வந்தது. செங்கோட்டைக்கு அப்புறம் முத்துத்தாயிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடிக் கதவில் சாய்ந்து கிடந்தாள். திரும்பிவிடலாமா என்று கோமதிநாயகம் கேட்டார். அவள் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

ஆரியங்காவு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் நின்றது. மலைப்பாறையில் மூக்கை ஒருமுறை உரசியது.

பின்னால் லாரியும் பஸ்ஸும் வரிசை கட்டின. ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து, “எந்தா சேட்டா?” என்றார். “சட்டை உரிக்குது சேட்டா. ரெண்டே நிமிஷம்” என்றான் மன்சூர். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பயணிகளிடம் சொன்னார். வீட்டுக்கு வீடு பாம்புக்குத் தோப்பு விட்டுச் சர்ப்பக்காவு என்று கும்பிடுகிற நாடு அது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு உளுந்தங்களியில் மாட்டிக்கொண்டது போல இருந்ததாம். பழைய சீட்டு கீழே நழுவ, புதுசு ஒன்று அடியிலிருந்து வந்து தாங்கிக்கொண்டது. கம்பெனி அதே நேரத்தில்தான் எங்கோ ஒரு மேடையில் திரையை விலக்கியிருக்கிறது. பளபளவென்று வெளியே வந்து, ரோட்டில் நாலு சக்கரத்தையும் ஊன்றி, கார் தன் கூரையைத் திறந்துகொண்டது.

முத்துத்தாயின் முகத்தில் மலைக்காற்று அடித்தது. கண்ணைத் திறந்தாள். மேலே வானம். எழுந்து சீட்டின்மேல் ஏறி நின்றாள்.

அடுத்த வளைவில் மன்சூர் கண்ணாடியில் பார்த்தான். “அண்ணாச்சி, அக்காவ எங்க?”

“மேல.”

“வாந்தி?”

கோமதிநாயகம் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிக் கேட்டார். “ஊர்ந்துக்கிட்டு வாரீய. வெரசா போகச் சொல்லுங்க!” என்று பதில் வந்தது.

தேர்தல் நேரம். தமிழ்நாட்டில் மட்டுமில்லை, கேரளத்திலும். தென்மலையில் ரோட்டோரம் நின்ற பெண்கள், கூரைக்கு மேலே நிற்கிற அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டால் திருப்பிக் கும்பிடாமல் இருக்கிற விதத்தில் முத்துத்தாய் வளரவில்லை. அவளும் கும்பிட்டாள். புனலூரில் ஏதோ ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்கூட ஒன்று முக்கிக்கொண்டு நின்றது. கோமதிநாயகம் மணியைப் பார்த்தார். மன்சூர் கலிமா சொன்னான். அப்போது முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிக் குரல் கொடுத்தார்கள். கூட்டம் விலகியது. ஒருவர் செவ்வந்தி மாலையைப் போட்டார். ஒரு கிழவர் மனுக் கொடுத்தார். முத்துத்தாய்க்கு மலையாளம் தெரியாது. “பாத்துக்கிடுவோம்” என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆம்புலன்ஸும் அவர்கள் பின்னாலேயே வெளியே வந்தது.

கொல்லம் ஆஸ்பத்திரியில் மாரிசெல்வியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் அவளைப் பிடித்தாள் முத்துத்தாய். வந்தவள் தலைமுடி காற்றில் பிசாசு போல விரிந்து கிடந்தது. கழுத்தில் மாலை.

“யம்மா… எப்படி வந்த?”

“நின்னுக்கிட்டே வந்தேன். நீ படுத்துக்கிட்டே போயிட்டு வா. இங்கனதான் இருப்பேன்.”

மகள் சிரித்தாள். சிரித்த முகத்தோடுதான் உள்ளே போனாள். மூன்று மணிக்குப் பெண் குழந்தை. இரண்டு உயிருக்கும் பழுதில்லை. கோமதிநாயகம் ஆஸ்பத்திரித் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலில் நின்ற காரின் பானெட்டை, மார்க்கெட்டில் நல்ல சரக்கைத் தட்டுவது போல, ஒரு தட்டுத் தட்டினார்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் தாயையும் குழந்தையையும் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்தார்கள். வழியில் ஆரியங்காவு வளைவில் நிறுத்தினார்கள். உரித்துப்போட்ட சட்டையில் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். பாய்லர் டிக்கியில் இருந்தது. பஸ்காரர்கள் மெத்தை சீட்டில் சாய்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். டீக்காரர் புதுக் காரைச் சுற்றிவந்து பார்த்தார். மகளுக்குக் கல்யாணம் வருகிறதாம், சின்னதாக ஒரு குடும்ப வண்டி பார்க்கிறாராம். இது எப்படி என்று பாதித் தமிழில் விசாரித்தார்.

கோமதிநாயகம் மூன்று தலைமுறையையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். “முதல் மாடல்ல உக்காரலாம். ரெண்டாவது, ஊருக்குக் காட்டலாம். இது நிக்கிறதுக்கு நல்ல வண்டி.”

“மைலேஜ்?”

“பதினெட்டு குடுக்குது.”

டீக்காரர் தலையாட்டினார். மன்சூருக்கு ஒன்று, கோமதிநாயகத்துக்கு ஒன்று, பிள்ளையை மடியில் போட்டிருந்த மாரிசெல்விக்கு ஜன்னல் வழியாக ஒன்று. நாலாவது டம்ளரை நன்றாக ஆற்றி, எக்கி, கூரைக்கு மேலே நீட்டினார்.